தோட்டம் காட்ட பெர்மிட் உண்டு, தோட்டத்தாருக்குப் பஸ் உண்டா?



மூணாறில் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ரோட்டில் யார் வண்டி ஓட்டுவது, சுற்றுலாப் பயணியை யார் ஏற்றுவது, யாருக்குப் பெர்மிட், யாருக்கு அபராதம் என்கிற சண்டை. 2025 பிப்ரவரி 8-ஆம் தேதி, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் இரட்டை அடுக்குக் கண்ணாடி பஸ்ஸைத் தொடங்கிவைக்க மந்திரி வந்தார். டாக்சி ஓட்டுநர்கள் கறுப்புக் கொடி காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைப்பாதை ஜீப் சவாரிகளுக்குத் தடை போட்டது. ஜீப்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், பிறகு நிபந்தனைகளோடு வழி திறந்தது. ஆண்டின் கடைசியில் ஆன்லைன் டாக்சித் தகராறு ஒன்று இந்தியா முழுவதும் சிரிப்பாய்ச் சிரித்தது.

இந்த வழக்கில் யார் யார் கட்சிக்காரர்கள்? போக்குவரத்துக் கழகம் ஒரு கட்சி. டாக்சிக்காரர்கள் ஒரு கட்சி. ஜீப்காரர்கள் ஒரு கட்சி. ஆன்லைன் கம்பெனிகள் ஒரு கட்சி. ஓட்டல், ரிசார்ட் முதலாளிகள் எல்லாக் கட்சிக்கும் பின்னால் நிற்கும் பெரிய கட்சி. சரி, இவர்கள் எல்லாரும் பயணியை ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டுவது எதை? பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும் தேயிலைத் தோட்டத்தை! அந்தப் பச்சையைத் தலைமுறை தலைமுறையாகக் கவாத்து வெட்டி, களையெடுத்து, கொழுந்து கிள்ளி, அப்படியே வைத்திருப்பவர்கள் நாம். நம்மை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஆகவே கூப்பிடாமலே நாம் பேசுகிறோம்.

நம்முடைய வாதம் சுருக்கமானது. தோட்டத்தைக் காட்டிச் சம்பாதிக்க ஒரு வண்டிக்கு அனுமதி கொடுக்கும் முன், அந்தத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர ஒரு பஸ் ஓட வேண்டும். முதல் பெர்மிட் குடியிருப்பவர்களுக்கு. அடுத்த பெர்மிட் பார்க்க வருபவர்களுக்கு. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

பெட்டிக்கு ரயில், நமக்குக் கால்

இந்த வரிசை இன்று நேற்றுத் தலைகீழானதல்ல. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். காடு அழிந்து தோட்டமாயிற்று. தமிழ்ச் சீமையிலிருந்து நம் பாட்டனும் பூட்டனும் கங்காணியின் பின்னால் மூட்டை முடிச்சோடு மலை ஏறி வந்தார்கள். நடந்தே வந்தார்கள்.

தேயிலை நடந்தா போயிற்று? 1908-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில்; அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவழி; அங்கிருந்து போடிநாயக்கனூர். பெட்டி பெட்டியாகத் தேயிலை சொகுசாக மலை இறங்கியது. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. ஆனால் பாடம் மிச்சமிருக்கிறது: இந்த மலையில் போக்குவரத்து என்பது முதலில் சரக்குக்காக வந்தது. தேயிலைப் பெட்டிக்கு ரயில் இருந்த காலத்தில் நமக்குக் கால்தான் இருந்தது.

இன்று சரக்கு மாறியிருக்கிறது. தேயிலையை மட்டுமல்ல, தேயிலை நிற்கும் காட்சியையும் விற்கிறார்கள். தோட்டங்களைக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் (1963) நில உச்சவரம்பிலிருந்து விலக்கி வைத்தது. தோட்டத் தொழில் சிதையக்கூடாது, தொழிலாளி வயிற்றில் மண் விழக்கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். 2012-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தோட்ட நிலத்தில் 5 சதவீதம் வரை சுற்றுலா உள்ளிட்ட வேறு காரியங்களுக்குப் பயன்படுத்த வழிவிட்டது. தொழிலாளியின் பெயரைச் சொல்லிக் காத்த நிலம், பயணியின் பெயரைச் சொல்லித் திறந்துவிடப்பட்டது. திறந்த வழியில் வண்டி வந்தது. வண்டியோடு பெர்மிட் சண்டை வந்தது.

அந்தக் கண்ணாடி பஸ்ஸைப் பாருங்கள். மூணாறிலிருந்து கேப் ரோடு வழியாக ஆனயிறங்கல் வரை போகிறது. தொடங்கியபோது மேல் அடுக்குக்கு 400 ரூபாய், கீழ் அடுக்குக்கு 200 ரூபாய் டிக்கெட். அரசு பஸ் ஓடுவதை நாம் வெறுக்கவில்லை. தனியார் கொள்ளையைவிட அரசு பஸ் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் படம் பிடிக்கிறார். கண்ணாடிக்கு வெளியே கூடையோடு நிற்கும் அக்கா படத்தில் விழுகிறாள். அந்த அக்காவின் மகள் சாயங்காலம் பள்ளி விட்டு எந்த வண்டியில் லயத்துக்குத் திரும்புகிறாள் என்று மேல் அடுக்கிலோ கீழ் அடுக்கிலோ யாராவது கேட்டார்களா?

பெர்மிட் என்ற காகிதம்

பெர்மிட் என்றால் நம்மில் பலருக்கு அது ஏதோ ஓட்டுநர் சமாச்சாரம். அப்படி நினைப்பதால்தான் ஏமாறுகிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு வகை வண்டிகளைப் பிரித்துச் சொல்கிறது. வழியில் நின்று நின்று ஆளை ஏற்றி இறக்கி, ஆளுக்குத் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் ரூட் பஸ் ஒருவகை. முழு வண்டியையும் ஒரு தொகைக்குப் பேசி, ஏறினவர்களையே கொண்டுபோய்க் கொண்டுவரும் ஒப்பந்த வண்டி மற்றொரு வகை. சுற்றுலா வண்டி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் வாங்கிவிட்டால் நாடெங்கும் போகலாம். 2023 நவம்பரில் பத்தனம்திட்டாவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றைக் கேரள அதிகாரிகள் நிறுத்தி நிறுத்திப் பிடித்தது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். சுற்றுலா பெர்மிட்டில் ரூட் பஸ் ஓட்டாதே என்றார்கள்.

நல்லது. சுற்றுலா வண்டி ரூட் பஸ்ஸாகக்கூடாது என்பதில் இத்தனை கண்டிப்பு காட்டும் அரசாங்கம், ரூட் பஸ் வேண்டிய இடத்தில் ரூட் பஸ் ஓட வேண்டும் என்பதில் அதில் பாதிக் கண்டிப்பையாவது காட்ட வேண்டாமா?

இன்னொரு சங்கதியும் தெரிந்துகொள்ளுங்கள். 1939-ஆம் ஆண்டின் பழைய மோட்டார் சட்டத்தில், ஒரு ரூட்டுக்கு பெர்மிட் கேட்டு மனு வந்தால் அதை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்க வேண்டும். உள்ளாட்சி மன்றமும் அரசு அங்கீகரித்த சங்கங்களும் தங்கள் கருத்தைச் சொல்லலாம்; அதிகாரி அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் இது இருந்தது! 1988 சட்டம் தாராளமயம் என்ற பெயரில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. பழைய பஸ் முதலாளிகள் புதியவர்களை மறிக்க அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. அதற்காக முதலாளியின் வாயை அடைக்கிறேன் என்று மக்களின் வாயையும் சேர்த்து அடைத்தார்கள். முதலாளிக்கு மந்திரி வீட்டு வாசல் திறந்திருக்கிறது. நமக்கு இருந்த ஒரு ஜன்னலும் போயிற்று.

ஜீப்பும் நம் பெண்களும்

ஜீப் விஷயத்தில் நாம் நம்மையும் சேர்த்தே பேச வேண்டும்.

கொழுக்குமலையை எல்லாரும் அறிவோம். தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். ஜீப் போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கவும் பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கவும் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. அதற்குக் கட்டுப்பாடு, பாஸ், நேரம் என்று பேச்சுவார்த்தை நடக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், ஜீப் சங்கத்தார் வருகிறார்கள்.

அதே விடியற்காலையில் வேறு ஜீப்புகளும் மலை ஏறுகின்றன. தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் நம் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு வருகிறார்கள். தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாக, உட்கார இடமின்றி, ஒருவர் மடியில் ஒருவராக அடைந்து வருகிறார்கள். விபத்து நடந்தால் அன்றைக்கு மட்டும் பேப்பரில் வருகிறார்கள். விபத்துக்குப் பிறகு சோதனை நடக்கும், அபராதம் விழும், ஒருவாரம் வண்டி குறையும், வேலைக்குப் போகாத பெண்ணுக்குக் கூலி போகும். பிறகு பழைய கதை.

அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதை நாம் ஆதரிக்கவில்லை. அப்படி ஏற்றுகிற ஜீப் முதலாளிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ‘தமிழன்தானே’ என்று அவர்களுக்கு வக்காலத்து வாங்க இந்தப் பத்திரிகை தயாராக இல்லை. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் எப்படி வந்து சேர்கிறாள் என்று பாராமலிருக்கும் முதலாளியையும் விட முடியாது. ஆனால் சட்டத்தைக் காட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி: ஜீப்பை நிறுத்திய மறுநாள் காலை அந்த இடத்தில் எந்தப் பஸ்ஸை நிறுத்தினீர்கள்? பயணியின் ஜீப்பை நிறுத்தினால் பயணி ஓட்டலில் படுத்து ஓய்வெடுப்பார். வேலைக்காரியின் ஜீப்பை நிறுத்தினால் அன்றைக்கு உலை ஏறாது. இரண்டுக்கும் ஒரே சோதனை, ஒரே ரசீது என்பது சமநீதி ஆகுமா?

ஓட்டுநர் தம்பிகளுக்கு

மூணாறில் டாக்சியும் ஜீப்பும் ஓட்டுகிறவர்களில் நம் லயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மா கொழுந்து கிள்ளி அடைத்த சீட்டுப் பணம், அப்பாவின் கிராஜுவிட்டி, அதற்கு மேல் வட்டிக் கடன் என்று சேர்த்து வாங்கிய வண்டி. அந்தத் தம்பிகளின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியாததல்ல. மேலே இருந்து கண்ணாடி பஸ், பக்கத்திலிருந்து ஆன்லைன் கம்பெனி, கீழே கடன்காரன் என்று நெருக்குகிறபோது கோபம் வரும்.

ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டினார்கள்? 2025 கடைசியில், மும்பையிலிருந்து வந்த ஒரு பெண் ஆன்லைன் டாக்சியில் போக முயன்றபோது உள்ளூர் ஓட்டுநர்கள் மறித்தார்கள். அந்தப் பெண் அதை வெளியே சொன்னார். ஓட்டுநர்கள் கைதானார்கள், போலீசார் இருவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். நாம் மழுப்பாமல் சொல்கிறோம்: ஊர் தெரியாத ஒரு பெண்ணை நடுரோட்டில் மறிப்பது தொழிற்சங்க வேலை ஆகாது, அது அடாவடி. நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். வந்த இடத்தில் மறிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

தம்பிகளே, பயணியும் உங்கள் எதிரி இல்லை. அரசு பஸ்ஸின் கண்டக்டரும் எதிரி இல்லை. அவரும் சம்பளம் எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய தொழிலாளி. மலையாளி ஓட்டுநர், தமிழ் ஓட்டுநர் என்று பிரித்துப் பேச வருகிறவனை வண்டியில் ஏற்றாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு சாலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் போடாமல் பெர்மிட்டை அள்ளி இறைத்தது யார்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவரச் செய்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பு வைத்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. அதில் குறையிருக்கலாம். ஆனால் மலைக்கு ஒரு கணக்கு உண்டு, உள்ளூர்க்காரருக்கு முதல் இடம் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கு மூணாறுக்கு வேண்டாமா?

ரோடு என்பது உயிர்

‘பஸ்ஸுக்காக இத்தனை எழுத்தா?’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களைப் பெரியவாரைப் பாலத்தில் நின்று யோசிக்கச் சொல்லுவோம்.

2018 வெள்ளம் அந்தப் பாலத்தை உடைத்தது. இரவிகுளத்தில் வரையாடு பார்க்கவும் குறிஞ்சி பார்க்கவும் போகிற பயணிகளின் வழியும் அதுதான். நம் தோட்டங்களின் வழியும் அதுதான். தற்காலிகப் பாலம் போட்டு வண்டிகளை ஓட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. தூங்கினவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி வெளியே வந்தபோது விடிந்திருந்தது. தற்காலிகப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நிரந்தரப் பாலம் திறக்கப்பட்டிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வழி தேடி நின்றது. 70 உயிர்கள். அவர்களில் 4 பேரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

மலை சரிந்ததற்குப் பாலம் காரணமில்லை. நாம் அப்படிச் சொல்லவில்லை. காட்சி பார்க்க வருகிறவரின் சீசனுக்குத் தாங்கினால் போதும் என்று விட்ட வழி, நம் ஆபத்துக்குத் தாங்கவில்லை என்கிறோம். பஸ் வந்துபோகிற பாதையில் யாராவது குழியை அடைப்பார்கள், மரம் விழுந்தால் வெட்டுவார்கள், பஸ் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பஸ் வராத பாதையில் லயம் புதைந்தாலும் விடிந்துதான் தெரியும்.

இரண்டு சாக்குகள்

நம் கோரிக்கைக்கு இரண்டு சாக்குகள் சொல்வார்கள்.

முதல் சாக்கு: ‘எஸ்டேட் ரூட்டில் வசூல் இல்லை, கழகம் நஷ்டத்தில் இருக்கிறது.’ பணம் இல்லை என்றால் கேட்டுக்கொள்வோம். ஆனால் காட்சி பஸ்ஸில் வருகிற பணம் எதைக் காட்டி வருகிறது? எங்கள் தோட்டத்தைக் காட்டி. அந்த வசூலில் ஒரு பங்கு எங்கள் ரூட்டுக்கு வரட்டும். பிச்சை கேட்கவில்லை, பங்கு கேட்கிறோம். வழியும் இருக்கிறது. 2022 ஜூலையில் கேரள அரசு ‘கிராமவண்டி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. டீசல் செலவைப் பஞ்சாயத்து ஏற்றுக்கொண்டால், பஸ்ஸையும் ஓட்டுநர், கண்டக்டரையும் போக்குவரத்துக் கழகம் கொடுக்கும். வழியையும் நேரத்தையும் பஞ்சாயத்து சொல்லலாம். வண்டி நெரிசலையும் குப்பையையும் தாங்குகிற மலைப் பஞ்சாயத்துகள், சுற்றுலாவால் வரும் வருமானத்தில் டீசல் ஊற்றக்கூடாதா?

இரண்டாவது சாக்கு: ‘அது கம்பெனிப் பாதை; பொதுப் பஸ் போக முடியாது.’ கம்பெனிப் பாதையில் சுற்றுலா வண்டிக்காகத் திறக்கிற கேட், பள்ளிப் பிள்ளைகளின் பஸ்ஸுக்கு மட்டும் பூட்டிக்கொள்ளுமா? வழி தனியார் சொத்து என்றால் காட்சியும் அப்படியே இருக்கட்டும். காட்சியைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலேயே வழி பொது விஷயமாகிவிட்டது.

‘சுற்றுலா வேண்டாம் என்கிறீர்களா?’ என்று மடக்குவார்கள். இல்லை. நம் பிள்ளைகள் ஓட்டலில் வேலை செய்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், வேகவைத்த சோளம் விற்கிறார்கள். சுற்றுலா வரட்டும். வருகிற பணம் மேல்நோக்கி மட்டும் போகக்கூடாது என்கிறோம்.

என்ன செய்வோம்?

நம் கோரிக்கைகள் இவை:

1. தோட்டம் காட்டும் வண்டிகள் போகிற ஒவ்வொரு பாதையிலும் காலையில் பள்ளி நேரத்துக்கும் மாலையில் வேலை விடும் நேரத்துக்கும் சாதாரணக் கட்டணத்தில் ஒரு பஸ். அது ஓடத் தொடங்கும்வரை அந்தப் பாதையில் புதிய சுற்றுலா அனுமதி கூடாது.

2. காட்சி பஸ், ஜீப் பாஸ், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றின் வருமானத்தில் ஒரு பங்கை எஸ்டேட் ரூட் பஸ்ஸுக்கு ஒதுக்கி, கணக்கை வெளியிட வேண்டும்.

3. எல்லை தாண்டி வேலைக்கு வரும் பெண்களுக்காகத் தமிழ்நாடு, கேரளப் போக்குவரத்துக் கழகங்கள் சேர்ந்து விடியற்காலை பஸ் ஓட்ட வேண்டும். அது வந்த பிறகு ஜீப் நெரிசலை எத்தனை கண்டிப்பாகத் தடுத்தாலும் நாமே துணை நிற்போம்.

4. மாவட்டக் கலெக்டர் தலைமையில் கூடும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் இந்த மலையைப் பற்றி முடிவெடுக்கும் முன், தொழிலாளர் குடியிருப்புகளின் கருத்தைக் கேட்க வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் வர வேண்டும்.

மனு எழுத மலையாளம் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுக்கொடுக்கும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. தமிழில் எழுதுங்கள். எந்த டிவிஷன், பள்ளி எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்புக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது கேரளப் பஞ்சாயத்துச் சட்டம். 2025 டிசம்பரில் வீடுவீடாக வந்து ஓட்டுக் கேட்டவர்கள் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பார்கள். பெரட்டு முடிந்து வந்த களைப்போடேயானாலும் பெண்கள் அங்கே போய் உட்கார வேண்டும். கிராமவண்டித் தீர்மானத்தை எழுத்தில் வாங்காமல் எழுந்திருக்கக்கூடாது.

உட்காருவது நமக்குப் புதிதல்ல. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான நம் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். எந்தத் தலைவருக்கும் காத்திருக்கவில்லை. சுற்றுலா வண்டி ஒன்றும் நகரவில்லை. போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் வந்தது; 232 ரூபாயாக இருந்த தினக்கூலி பிறகு 301 ஆயிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இந்த ரோடு யாருடையது என்பதை அந்த ஒன்பது நாளில் ஊரே தெரிந்துகொண்டது.

ரோட்டில் உட்காரத் தெரிந்தவர்கள், அந்த ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து போக உரிமையில்லாதவர்களா? முதலில் மனுவோடு போவோம். கிராமசபைக்குப் போவோம். கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். பதில் வராவிட்டால் எங்கே போக வேண்டும் என்பது 2015-லேயே நமக்குத் தெரியும்.